போட்டோ எடிட்டிங் கத்துக்க எதைப் பாக்கலாம், எதை விடலாம்: டெல்டா பக்கத்துப் புதுசுகளுக்கு

யூடியூப்ல போய் போட்டோஷாப் தமிழ்னு அடிச்சுப் பாருங்க, உக்காந்து பாத்தா ஒரு ஆயுசு பத்தாது, அவ்வளவு வீடியோ வந்து விழும். அதனால கத்துக்க வழி இல்லங்கிறதெல்லாம் பழைய கதை, எதுல ஆரம்பிக்கிறது, யாரு சொல்றத நம்புறது, எப்போ வீடியோவ மூடிட்டு வேலையில எறங்குறதுங்கிறதுதான் இப்போ சிக்கல். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் கையில கேமராவோ நல்ல போனோ வச்சிருக்க நிறைய பேர் மாசக்கணக்கா வீடியோ பாத்துட்டே இருக்காங்க, ஆனா ஒரு படத்தக் குடுத்து இந்த முகத்துல இருக்க நிழல மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடுன்னா கை ஓடமாட்டேங்குது. அவங்களுக்குத்தான் இது.

எதுக்குக் கத்துக்குறீங்கன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிருங்க

இது சும்மா சொல்ற அட்வைஸ் இல்ல, தேடுற பாடமே இதுலதான் மாறுது. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணணும்னா 12க்கு 36 ஷீட்டு, பென் டூல் கட்டிங், லேயர் மாஸ்க் (படத்து மேல அடுக்குற லேயர்ல வேண்டாத எடத்த அழிக்காம மறைக்கிறது), ஒரே மண்டபத்துல எடுத்த ஆயிரம் படத்துக்கு ஒரே மாதிரி கலர், இதுதான் உங்க வேலை. பெரிய கோயில், நடவு வயல், கொடியக்கரைப் பறவைன்னு எடுக்குறவங்களுக்கு அதெல்லாம் பெருசா வேண்டாம், ரா ஃபைல (கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்க ஃபைல்) திறந்து லைட்டையும் கலரையும் கையாளத் தெரியணும், நாய்ஸ் (இருட்டுல எடுத்தா வர்ற புள்ளி புள்ளி) எடுக்கத் தெரியணும். திருபுவனம் பட்ட ஆன்லைன்ல விக்கிற வீட்டுப் பொண்ணா இருந்தா சேலையோட கலர் நேர்ல இருக்க மாதிரியே வரணும், அழகா வர்றதெல்லாம் அப்பறம், ஏன்னா அரக்கு கலர்னு வாங்குன சேலை மெரூனா வந்து நின்னா பார்சல் திரும்பித்தான் வரும். ஃப்ளெக்ஸ், பத்திரிகைன்னு போறவங்களுக்கு தமிழ் எழுத்தும் பிரிண்ட் சைஸும் சிஎம்ஒய்கேங்கிற நாலு மை பிரிண்ட் கலர் முறையும்தான் முதல் பாடம். இந்த நாலையும் ஒண்ணாக் கத்துக்கணும்னு எறங்கினா ஒண்ணும் ஒட்டாது.

சாஃப்ட்வேர்

8 ஜிபி ராம் இருக்க கம்ப்யூட்டர்னா அடோபியோட போட்டோஷாப், லைட்ரூம் ரெண்டும் ஓடும், அதுக்குக் கம்மின்னா சிரமம். அடோபி 7 நாள் ட்ரயல் குடுக்குது, ஆனா கார்டு நம்பர் கேக்கும், கேன்சல் பண்ண மறந்தா காசு எடுத்துடும், அதனால போன்ல அலாரம் வச்சுட்டு ஆரம்பிங்க. கிராக் காப்பி பென்டிரைவ்ல சுத்துது, எல்லாருக்கும் தெரியும், அதோட வைரஸும் சுத்துது, கல்யாண வீட்டுப் படம் பூரா இருக்க ஹார்ட் டிஸ்க்ல அதப் போடுற தைரியம் எனக்கில்ல.

காசு போடாம ஆரம்பிக்க மூணு சொல்றேன். ஃபோட்டோபீ, இது பிரவுசர்லயே ஓடுது, பாக்க போட்டோஷாப் மாதிரியே இருக்கும், போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும், படம் உங்க மெஷின்லயே இருக்கும், வேற எங்கயும் அப்லோட் ஆகாது. அதனால போட்டோஷாப் பாடத்தப் பாத்து ஃபோட்டோபீல செஞ்சு பழகலாம், முக்காவாசி ஒத்துவரும். ரெண்டாவது ஜிம்ப், 90கள்லேர்ந்து இருக்குது, ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரு வேணா ஓசியில எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். மூணாவது ரா ஃபைலுக்கு டார்க்டேபிள், லைட்ரூம் செய்யுற வேலைய ஓசியில செய்யுது, ஆனா முதல் ரெண்டு வாரம் உங்கள அழவைக்கும், அதுக்குத் தயாரா இருங்க. போன் மட்டும்தான் இருக்குன்னா ஸ்னாப்சீட் போதும். அதுல நீங்க செஞ்ச ஒவ்வொரு ஸ்டெப்பும் லிஸ்டா நிக்கும், எதையும் திரும்பத் திறந்து மாத்தலாம், அந்த ஸ்டெப்ப படத்துல ஒரு எடத்துல மட்டும் விரலால தடவிக் குடுக்கலாம். இத நல்லாப் பழகிட்டீங்கன்னா பின்னாடி மாஸ்க்குன்னு சொல்றப்போ பாதி புரிஞ்சிருக்கும்.

ஒண்ணு எடுத்தா அதுலயே ஒரு மூணு மாசம் இருங்க. கேமரா ரா ஃபில்டர்னு போட்டோஷாப்ல இருக்கறதும் லைட்ரூமும் உள்ள ஒரே எஞ்சின்தான், அதனால ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தானா வரும், ரெண்டுக்கும் தனித்தனியா கோர்ஸ் வாங்க வேண்டியதில்ல.

என்னன்னு தேடுறது

நிறைய பேர் தேடுறது "போட்டோவ சூப்பரா மாத்துறது எப்படி"ன்னு. அப்படித் தேடுனா ப்ரீசெட் (ஒரே கிளிக்ல போடுற ரெடிமேட் கலர் செட்டிங்) விக்கிறவங்கதான் வருவாங்க. டூல் பேரச் சொல்லித் தேடணும். இங்கிலீஷ்ல டூல் பேர், பின்னாடி சாஃப்ட்வேர் பேர், தமிழ்ல வேணும்னா கடைசில தமிழ்னு சேத்துக்கோங்க. என்னென்ன பேருங்கிறதுக்கு வரிசை இப்படிப் போகலாம்: கிராப், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், அப்பறம் ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்), லெவல்ஸ், கர்வ்ஸ் (ஒரு கோட்ட வளைச்சு வெளிச்சத்தையும் கலரையும் மாத்துறது), அதுக்கப்பறம் லேயர், செலக்‌ஷன், மாஸ்க், அட்ஜஸ்ட்மென்ட் லேயர், பிறகு ஹீலிங், குளோன், டாட்ஜ் அண்ட் பர்ன், கடைசியா கலர் கிரேடிங், ஷார்ப்பனிங், எக்ஸ்போர்ட்.

இதுல கர்வ்ஸும் மாஸ்க்கும்தான் உயிர். மாஸ்க்ல கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், கீபோர்டுல எக்ஸ் தட்டுனா ரெண்டும் மாறிக்கும், அவ்வளவுதான் அதோட ரகசியம், ஆனா இத கையில பழக்க நாளாகும். இந்த ரெண்டையும் ஒழுங்கா ஒரு பத்து படத்துல செஞ்சவனுக்கு மத்ததெல்லாம் ஒரு சாயங்காலத்துல வந்துடும், இத விட்டுட்டு நேரா சினிமா கலர் டோனுக்குப் போறவன் ஒரு வருஷம் கழிச்சும் அங்கயேதான் நிப்பான்.

எங்க கிடைக்கும்

முதல் எடம் யாரும் போகாத எடம், சாஃப்ட்வேர்காரங்களோட சொந்தப் பாடம். போட்டோஷாப்ல ஹெல்ப் மெனுவத் திறந்தா உள்ளயே பயிற்சி இருக்கு, அடோபி சைட்லயும் இலவசமா ஸ்டெப் ஸ்டெப்பா குடுத்திருக்காங்க. டார்க்டேபிளுக்கும் ஜிம்ப்புக்கும் முழு மேனுவல் இருக்குது. மேனுவல மொத்தமா படிக்காதீங்க, தூக்கம் வந்துரும், ஒரு டூல்ல மாட்டுறப்போ அந்தப் பக்கத்த மட்டும் திறந்து படிங்க, இங்கிலீஷ் சிரமமா இருந்தா பிரவுசர்லயே தமிழாக்கிப் படிக்கலாம், பாதி கண்றாவியாத்தான் வரும், ஆனா விஷயம் புரியும்.

ரெண்டாவது ஐஐடி பாம்பே நடத்துற ஸ்போக்கன் டுடோரியல். ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கெல்லாம் சின்னச் சின்ன வீடியோவாப் போட்டு இந்திய மொழிகள்ல டப் பண்றாங்க, ஜிம்ப்பும் லிஸ்ட்ல இருக்கு, உங்க பாடத்துக்கு தமிழ் இருக்கான்னு மொழி லிஸ்ட்ல பாத்து எடுத்துக்கோங்க. அது பழைய ஜிம்ப் வெர்ஷன வச்சு பண்ணது, ஸ்கிரீன் உங்களோடத விட வேற மாதிரி தெரியும், அடிப்படைக்கு அது ஒண்ணும் கெடுதல் இல்ல. அவங்க சொல்ற முறைதான் எனக்குப் பிடிச்சது: ஸ்கிரீன்ல ஒரு பாதியில வீடியோ, இன்னொரு பாதியில சாஃப்ட்வேர், அவங்க ஒண்ணு செய்ய நிறுத்திட்டு நீங்களும் அத செய்யணும். எந்த வீடியோவுக்கும் இதையே வச்சுக்கலாம்.

இங்கிலீஷ் ஓரளவு புரியும்னா பிக்ஸ்இம்பர்ஃபெக்ட்னு ஒரு சேனல், உன்மேஷ் திண்டான்னு நம்ம நாட்டுக்காரர் நடத்துறது. ஒவ்வொரு டூலும் ஏன் அப்படி நடந்துக்குதுன்னு காரணத்தோட சொல்வார், நெறைய பேர் விடுற எடமே அதுதான். ஆரோன் நேஸோட ஃப்லேர்ன் (Phlearn) இன்னொண்ணு, மாஸ்க்கையும் ரீடச்சிங்கையும் ஆரம்பத்துலேர்ந்து பாக்க நல்லது. ஓப்பன் சோர்ஸ் பக்கம் போறவங்க பிக்ஸ்ல்ஸ் டாட் யுஎஸ் (pixls.us) சைட்டுக்குப் போங்க, அவங்களே பலவித கேமராவோட ரா ஃபைல யாரு வேணா எடுத்துக்குற மாதிரி வச்சிருக்காங்க, கேமரா இல்லாதவங்களுக்கு பயிற்சிக்கு அது போதும். தமிழ்ல நிறைய சேனல் வந்துருச்சு, பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா இன்னிக்கு நல்லா சொல்றவர் நாளைக்கு ப்ரீசெட் விக்க ஆரம்பிச்சுடுறார். பேருக்குப் பதிலா எப்படிச் சோதிக்கிறதுன்னு சொல்லிடுறேன்.

நல்ல பாடமான்னு பாக்குறது

முழுசாப் பாக்குறதுக்கு முன்னாடி நடுவுல அங்கங்க தொட்டுப் பாருங்க. லேயர் பேனல் ஸ்கிரீன்ல தெரியுதா, இல்ல மூஞ்சியும் மியூசிக்கும்தான் தெரியுதா? ஸ்லைடர இழுக்குறப்போ 30 வைங்க 40 வைங்கன்னு நம்பர் மட்டும் சொல்றாரா, இல்ல எத பாத்து நிறுத்துறார்னு சொல்றாரா? நம்பர் மட்டும் சொல்ற பாடம் அந்த ஒரு படத்துக்குத்தான் பாடம், உங்க படத்துல லைட் வேற. ப்ராக்டிஸ் ஃபைல் குடுக்குறாரா, கீழ டவுட் கேட்டவங்களுக்கு பதில் இருக்கா, முடிச்ச படத்த நூறு பர்சன்ட் ஜூம்ல காட்டுறாரா? ஜூம் பண்ணாம ஓடிட்டார்னா தோல் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிருக்கும், அத மறைக்கத்தான் ஓடுறார்.

வருஷத்தையும் பாருங்க, ஆனா புதுசுதான் நல்லதுன்னு இல்ல. போட்டோஷாப் வந்தது 1990ல, லைட்ரூம் 2007ல, கர்வ்ஸ், லேயர், பிளெண்ட் மோட் பாடமெல்லாம் பத்து வருஷம் பழசா இருந்தாலும் அப்படியே செல்லும். லைட்ரூம் மாஸ்க்கிங் 2021 கடைசில முழுசா மாறிடுச்சு, அதுக்கு முந்தின வீடியோ பாத்தா பட்டன் எங்கன்னு தேடிட்டே இருப்பீங்க. ஜிம்ப் 3.0 2025 மார்ச்ல வந்துச்சு, அதுல ஃபில்டர பின்னாடி திரும்பி வந்து மாத்த முடியும், பழைய பாடத்துல அது கிடையாது. ஜெனரேட்டிவ் ஃபில் (கேட்டத அதுவே வரைஞ்சு நிரப்புறது) மாதிரி ஏஐ சமாச்சாரம் போட்டோஷாப்ல 2023ல வந்தது, அந்தப் பக்கம் மட்டும் புது வீடியோதான் பாக்கணும். ஆனா பின்னணிய ஏஐ அழிச்சுக் குடுக்கறதால செலக்‌ஷன் கத்துக்க வேண்டாம்னு நெனச்சுடாதீங்க, மல்லிப்பூ ஓரத்துலயும் சுருட்டை முடியிலயும் அது சொதப்புறப்போ மாஸ்க்க நீங்கதான் பிரஷ் எடுத்து சரி பண்ணணும்.

அப்பறம் ஒரே நேரத்துல அஞ்சு சேனல் வேண்டாம். எல்லா மடையையும் ஒரே நாள்ல திறந்து விட்டா ஒரு வயலும் ஒழுங்கா நனையாது, அதே கதைதான். ஒரு ஆளோட ஒரு ப்ளேலிஸ்ட்ட கடைசி வரைக்கும் முடிங்க.

கலரு, தோலு, கல்யாண மண்டபம்

இதுக்குக் கொஞ்சம் நின்னு பேசணும். வெளிநாட்டுப் பாடத்துல பெரும்பாலும் வெள்ளைத் தோல் மாடல்தான், அவங்க சொல்ற எக்ஸ்போஷரும் கலரும் நம்ம ஆளுங்களுக்கு அப்படியே போட்டா சாம்பல் பூசுன மாதிரி ஆயிடும். அதனால பாடம் தேடுறப்போ மாநிறம், கருப்புன்னு எல்லாத் தோலையும் வச்சு காட்டுறவங்களாப் பாருங்க. கலர் மிக்ஸர்ல (ஒவ்வொரு கலரையும் தனித்தனியா மாத்துற பேனல்) தோலோட கலர் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடர்ல உக்காந்திருக்கு, முகத்த வெளுக்கணும்னு ஆரஞ்சு லூமினன்ஸ, அதாவது அந்தக் கலரோட வெளிச்சத்த, ஏத்துனா என்ன ஆகும் தெரியுமா, தங்க நகையும் ஜரிகையும் மஞ்சக் கயிறும் அதே ஏரியாலதான் இருக்கு, அதுவும் சேந்து வெளுத்துப் போயி பித்தளையாட்டம் நிக்கும். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு செய்யக் கத்துக்குடுக்குற பாடமா பாத்து எடுங்க. அதுக்கும் மேல ஒண்ணு, பொண்ணோட நெறத்தையே மாத்தி வெளுப்பாக் குடுக்கணும்னு சில வீட்ல கேப்பாங்க, லைட்ட சரி பண்றேன், நெறத்த மாத்த மாட்டேன்னு சொல்லிப் பழகுங்கங்கிறது என் கட்சி. சரியான லைட்ல அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கும்.

இப்போ மண்டபத்துல ஊதா எல்இடி வேற போட்டுடுறாங்க. அந்த லைட் முகத்துல விழுந்தா ஒயிட் பேலன்ஸ எந்தப் பக்கம் இழுத்தாலும் சரியாகாது, ஏன்னா அந்த வெளிச்சத்துல மத்த கலரே இல்ல. மாஸ்க் போட்டு ஊதாவோட சாச்சுரேஷன (கலரோட அடர்த்திய) எறக்கலாம், இல்லன்னா பிளாக் அண்ட் ஒயிட்டாக்கிடலாம். இதையும் ஒரு கிளிக்ல சரி பண்றேன்னு தம்ப்நெயில் போட்டிருந்தா தாண்டிப் போயிடுங்க.

ஊர்ப் படத்துலயே பயிற்சி

வீடியோக்காரர் குடுக்குற ஃபைல்ல ஒரு தடவை செய்ங்க, அப்பறம் வீடியோவ மூடிட்டு உங்க சொந்தப் படத்துல அதே வேலைய செய்ங்க, மாட்டுற எடத்துலதான் நீங்க கத்துக்க வேண்டியது இருக்கு.

குறுவை நட்ட வயல எடுத்து போன்ல பாருங்க, பச்சை கண்ணக் குத்தும். அத அடக்கணும்னு க்ரீன் ஸ்லைடர எறக்குனா பெருசா ஒண்ணும் மாறாது, இளம்பயிரோட பச்சைல பாதிக்கு மேல மஞ்சள்தான், யெல்லோ ஸ்லைடர லேசா எறக்கிப் பாருங்க, கண்ணால பாத்த வயல் வந்துரும். இந்த ஒரு படத்துலயே கலர் மிக்ஸர் பாடம் முழுக்க முடிஞ்சது.

அடுத்தது பெரிய கோயில். கீழேர்ந்து எடுத்தா எல்லாம் பின்னாடி சாயும், பெர்ஸ்பெக்டிவ் கரெக்ஷன் பழக இதவிட நல்ல படம் கிடையாது, ஆனா ஆட்டோ பட்டன அழுத்தாதீங்க. கருவறைக்கு மேல நிக்கிற விமானமே மேல போகப் போகக் குறுகுற கட்டடம், சாய்வா இருக்க ஓரத்த நேர் கோடுன்னு நெனச்சு சாஃப்ட்வேர் நிமித்துனா ராஜராஜன் 1010ல முடிச்ச விமானம் அடுக்குமாடி பில்டிங் மாதிரி ஆயிடும். கீழ் சுவத்துல செங்குத்தா நிக்கிற அரைத்தூண் இருக்கும், அத வச்சு கையாலயே கோடு போட்டு நிமித்துங்க. உள்ள போனா டியூப் லைட்டும் எண்ணெய் விளக்கும் சேந்து அடிக்கும், ஒண்ணு நீலம் ஒண்ணு மஞ்சள், அதுக்கு ரெண்டு மாஸ்க், ரெண்டு ஒயிட் பேலன்ஸ். சுவாமிமலைல ஐம்பொன் சிலை பண்ற பட்டறைல கேட்டுட்டு எடுக்க முடிஞ்சா பளபளப்புல எங்க வெள்ளை அடிச்சுப் போகுதுன்னு ஹிஸ்டோகிராம பாத்துப் பழகலாம், வலது ஓரத்துல முட்டி நின்னா அங்க டீட்டெயில் போச்சு, ஜேபெக்ல அது திரும்ப வராது, ரா ஃபைல்னா கொஞ்சம் மீட்கப் பாக்கலாம்.

ஆளுக்கிட்ட கத்துக்குறது

ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் இல்ல, ஸ்டுடியோக்காரங்க கொஞ்சம் மூச்சு விடுற நேரம் அது. கும்பகோணமோ மன்னார்குடியோ, பக்கத்து ஊர்ல ஆல்பம் பண்ற டிசைனர் ஒருத்தர்கிட்ட போயி, அண்ணே ஒரு பிஎஸ்டி திறந்து லேயர மட்டும் காட்டுங்கண்ணேன்னு கேளுங்க. ஒருத்தர் வேலை செஞ்சு முடிச்ச ஃபைலோட லேயர ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாக்குறது பத்து வீடியோவுக்குச் சமம், அதுவும் காசில்லாம. ஆவணி பொறந்ததும் போயி தொந்தரவு பண்ணாதீங்க, அப்போ போனா வேலைக்கு வாங்க, நாப்பது முகம் டச்சிங் பண்ணிக் குடுங்க, பாத்துக்கலாம்பார், அதுவும் நல்லதுதான்.

கம்ப்யூட்டர் சென்டர்ல டிடிபி கோர்ஸ் சேரப் போறீங்கன்னா மூணு கேள்வி கேளுங்க. எந்த வெர்ஷன்? நான் எடுத்த படத்த வச்சு செய்ய விடுவீங்களா? சொல்லிக் குடுக்குறவர் பண்ண வேலைய காட்டுவீங்களா? சிலபஸ் பேப்பர்ல வெறும் டூல் பேரா அடுக்கியிருந்தா அத யூடியூப்லயே பாத்துக்கலாம். ஆன்லைன்ல காசு குடுத்து வாங்குறதுன்னா ஆஃபர் வர்ற வரைக்கும் காத்திருங்க, பெரிய சைட்ல அது அடிக்கடி வரும், ஃப்ரீயா பாக்க விடுற பாடத்த முதல்ல பாருங்க, ரீஃபண்ட் எத்தன நாளுன்னு படிச்சுட்டு வாங்குங்க.

படத்தக் காட்டி கருத்து கேக்குறப்போ வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது நசுக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. சூப்பர் மச்சின்னு மட்டும் சொல்ற குரூப்ப விட ஒரே ஒரு ஆளு கழுத்துக்குக் கீழ கலர் மாறுதே தம்பின்னு சொன்னா அவர விட்டுடாதீங்க.

கரண்டு, நெட்டு, தமிழ் எழுத்து, பிரிண்ட்

நெட் நல்லா இருக்கப்போ யூடியூப் ஆப்லயே வீடியோவ டவுன்லோட் போட்டு வச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா கரண்டு எப்போ போகும்னு யாருக்கும் தெரியாது, போட்டோஷாப் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ஒரு காப்பி எடுத்து வைக்கும், ஜிம்ப் அதுவும் செய்யாது, அதனால கண்ட்ரோல் எஸ் விரலுக்குப் பழகிடணும்.

போட்டோஷாப்ல தமிழ் அடிச்சா கொம்பும் காலும் எடம் மாறி நிக்குதுன்னு நிறைய பேர் புலம்புறாங்க. பழைய வெர்ஷன்னா ப்ரிஃபரன்சஸ்ல டைப் பக்கத்துக்குப் போயி மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன், இல்லன்னா வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு இருக்கறத தேர்ந்தெடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பாராகிராஃப் பேனல் மெனுவுலயும் ஒரு தடவை பாத்துக்கோங்க. ஃபான்ட் யூனிகோடா (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இருக்கணும், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல யூனிகோடுல அடிச்சது வராது.

கடைசியா, கத்துக்குற காலத்துலயே மாசத்துக்கு ரெண்டு படமாவது 4க்கு 6 பிரிண்ட் போட்டுப் பாருங்க. லேபுக்கு வேற எதும் கேக்கலன்னா எஸ்ஆர்ஜிபி (பொதுவா எல்லா எடத்துலயும் ஒத்துப்போற கலர் முறை) ஜேபெக்கா, 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்ஸல்) கணக்குக்கு பிக்ஸல் வர்ற மாதிரி, அதாவது 1200க்கு 1800, குடுங்க. ஸ்கிரீன் பிரைட்னஸ ஃபுல்லா வச்சு எடிட் பண்ணவங்களுக்கு பிரிண்ட் இருட்டா வரும், லேப்காரர திட்டுறதுக்கு முன்னாடி பிரைட்னஸ பாதிக்கு எறக்கிட்டு அதே ஃபைல திறந்து பிரிண்ட்ட பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒத்துப்போற அளவு எதுன்னு பாத்து அதுலயே ஸ்கிரீன வச்சுட்டு அடுத்த படத்துக்குப் போங்க.